எறிவதற்கு முன் யாரைப் பார்ப்பது?

குவார்ட்டர்பேக் என்றால் பந்தெறிகிறவன் என்று நினைப்பவர்கள் ஒருநாளும் அந்த இடத்தில் நின்றிராதவர்கள். எறிவது கடைசி வேலை, அதற்கு முன்னால் உள்ள வேலை முழுக்கப் பார்ப்பதுதான். ஒஸ்லோவில் படித்த காலம் முழுவதும், மாணவர்களின் அமெரிக்கன் ஃபுட்போல் அணியில் நான் அந்த இடத்தில் நின்றேன். காலால் உதைக்கிற விளையாட்டல்ல. தலைக்கவசம் போட்டு, கையால் எறிந்து, பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டி ஓடுகிற விளையாட்டு. எங்கள் அணி எறிந்தே விளையாடுகிற அணி. ஒவ்வொரு முறையும் நாலைந்து பேர் நாலைந்து திசையில் ஓடுவார்கள். எதிரணி எப்படிக் காவல் நிற்கிறது என்று பார்த்து, இவர்களில் யாருக்கு எறிவது என்று நான் முடிவெடுக்க வேண்டும். அதற்குள் என்னைவிட இரண்டு மடங்கு பாரமான ஒருவன் என்மேல் விழ வந்துகொண்டிருப்பான். முன்னால் ஆட்கள் பாய்ந்து வர, பின்னால் ஆட்கள் குறை சொல்ல, நடுவில் நின்று முடிவெடுக்கிற வேலை செய்பவர்கள் உங்களிலும் பலர் இருப்பீர்கள். எந்த வேலையாக இருந்தாலும் சரி, நீங்களும் நம்முடைய ஆட்கள்தான்.

பந்தில்லாத வாரம்

எங்கள் கோச்சின் பெயர் இங்கெர். பகலில் ட்ராம் ஓட்டுவார், பின்னேரத்தில் எங்களை ஓட்டுவார். முதல் பயிற்சியில் நான் எறிந்த பந்துகள் பெரும்பாலும் எதிரே நின்றவர்களின் கையில்தான் போய் விழுந்தன. பயிற்சி முடிய, வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டி, எல்லோருக்கும் பின்னால் ஆழத்தில் நின்ற காவலர் ஒருவரா இருவரா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பந்து பிடிக்க ஓடிய எங்கள் பையனையே பார்த்துக்கொண்டு நின்றேன் என்றேன். ஒருவர் நின்றால் ஓரங்களில் வெளி கிடைக்கும், இருவர் நின்றால் நடுவில் கிடைக்கும், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார்.

அடுத்த வாரம் முழுக்க எனக்குப் பந்து கிடையாது. வெறுங்கையோடு நின்று, கண்டதை உரத்துச் சொல்வதுதான் பயிற்சி. "ஒருவர்", "இருவர்" என்று நான் கத்தக் கத்தப் பையன்கள் சிரித்தார்கள். வார முடிவில் இங்கெர் எனக்குத் தெரியாமல் காவலர்களிடம் ஏதோ சொல்லி அனுப்பினார். ஆழத்தில் இருவர் நிற்பதுபோல் நின்று, ஆட்டம் தொடங்கிய கணத்தில் ஒருவன் முன்னுக்கு ஓடி வந்தான். அவன் காலெடுக்கும்போதே நான் "ஒருவர்" என்று கத்திவிட்டேன். சிரிப்பு நின்றது. இங்கெர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "இனி இவனிட்டைப் பந்தைக் குடுங்கோ."

கூடவே ஓடியவன்

பந்தைக் கால்களுக்கிடையால் எனக்குத் தருகிற சென்டர் ஹோகன். வடக்கே ஹம்மர்ஃபெஸ்ட்டில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன், கதை குறைவு, அளந்துதான் பேசுவான். எப்போதும் குனிந்தே நிற்பதால் அவனுக்கு எதிராளியின் சப்பாத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

எதிரணி ஆளுக்கு ஆள் காவல் நிற்கிறதா, ஆளுக்கொரு இடத்தைக் காக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஆட்டம் தொடங்குமுன் எங்கள் பையன் ஒருவனை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடவிட வேண்டும். எதிரணியில் ஒருவன் கூடவே ஓடினால் அவன் ஆளைக் காக்கிறான். ஒருவரும் ஓடாவிட்டால் இடத்தைக் காக்கிறார்கள். ஓர் ஆட்டத்தில் எதிரணி இந்தத் தந்திரத்தைப் பிடித்துவிட்டது. இடத்தைக் காத்துக்கொண்டே, என்னை ஏமாற்ற ஒருவனைக் கூட ஓடவிட்டார்கள். ஆனால் ஆளைக் காக்கிறவன் அந்த ஆளையல்லவா பார்க்க வேண்டும்? இவன் ஓடிக்கொண்டே என்னைப் பார்த்தான். பந்தைக் கேட்டு வாங்கி, இரண்டு காவலரின் இடங்களுக்கு நடுவே கிடந்த வெளிக்குள் எறிந்தேன். எங்கள் பையன் கோட்டைத் தாண்டும்வரை ஒருவரும் அவனைத் தொடவில்லை. நான் கண்டதை ஹோகனுக்கு விளக்க வாயெடுத்தேன். அவன் எழும்பி, முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டினான். "நீ பந்தைக் கேட்ட குரலிலையே எனக்குத் தெரிஞ்சிட்டுது, அவங்கடை கதை முடிஞ்சுதெண்டு."

வடிவா, கெதியா

எதிரணி நிற்கிற விதத்தைப் பார்த்துக் கடைசி நேரத்தில் திட்டத்தை மாற்ற வேண்டுமென்றால் கத்தித்தான் சொல்ல வேண்டும். நோர்வேஜிய மொழியில் கத்தினால் அவர்களுக்கும் விளங்கும். ஆகவே எங்கள் வீட்டுத் தமிழில் இரண்டு சொல்லைப் பையன்களுக்குப் பழக்கிவிட்டேன். காவலர்கள் என்மேல் பாயப் போகிறார்கள் என்று கண்டால் "கெதியா". பந்து பிடிப்பவர்கள் தூரம் ஓடாமல் கிட்டவே நின்று உடனே வாங்கிக்கொள்ள வேண்டும். காவலர்கள் பின்வாங்கப் போகிறார்கள் என்று கண்டால் "வடிவா". மற்றவர்கள் எனக்கு முன்னால் மறித்து நின்று, ஆறுதலாக, அவசரமில்லாமல் நீள எறிய விட வேண்டும். என் குரலைக் கேட்டு ஹோகன் வரிசை முழுவதற்கும் கேட்க "கெதியா" என்று திரும்பக் கத்தினால், எங்கள் சித்தப்பாமார்கூட அவசரப்பட்டிருப்பார்கள்.

ஒரு கோடையில் எதிரணிக்குக் கார்த்திக் என்று ஒரு புதுக் காவலர் வந்தார். சென்னையிலிருந்து வந்து ட்வெய்ட்டாவில் குடியிருப்பவர். நான் முதல்முறை கத்தியதும் அவருடைய தலை திரும்பியது. தமிழ் இனி உதவாது என்று நினைத்தேன். ஆனால் "கெதியா" என்றபோது அவர் எங்கள் வரிசையில் யாரையோ தேடினார். "வடிவா" என்றபோது தன் ஆட்களை எல்லாம் பக்கவாட்டில் தள்ளி நிறுத்தினார். அவர்கள் நகர்ந்து முடிப்பதற்குள் பந்து அவர்களைத் தாண்டிவிட்டது. ஆட்டம் முடியக் கைகொடுக்க வந்தவரிடம் விசாரித்தேன். "வடிவா" என்றால் வடிவம், அதாவது நாங்கள் நிற்கிற அமைப்பு மாறப்போகிறது என்று எடுத்துக்கொண்டாராம். "கெதியா" எங்கள் பையன் ஒருவனின் பெயராம். நல்லா, சீக்கிரம் என்று நான் அவருடைய தமிழில் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "எனக்குத் தமிழ் தெரியும்னு டீம்ல அவ்ளோ பெருமையா சொல்லி வெச்சிருந்தேன் ப்ரோ, இனிமே எவன் நம்புவான்?"

அப்பா வந்த ஆட்டம்

ஒஸ்லோவின் ஓரத்தில் எங்கள் வீடு இருக்கிற வெஸ்ட்லியிலிருந்து அப்பா முதன்முறையாக ஆட்டம் பார்க்க வந்தார். அம்மா வரவில்லை, நான் விழுவதைப் பார்க்கத் தன்னால் ஏலாது என்றுவிட்டார். அன்றைக்கென்று எதிரணி ஓர் ஆளைக் கூடுதலாக என்மேல் அனுப்பியது. அவனை மறிக்க எங்களிடம் ஆள் இல்லை. பந்து கைக்கு வருமுன்பே அவன் வரப்போவதைக் கண்டுவிட்டேன். ஆனால் அவன் விட்டுவிட்டு வந்த இடத்துக்குத்தான் எங்கள் பையன் ஓடிக்கொண்டிருந்தான். அவன் அங்கே போய்ச் சேரும்வரை நான் அசையக் கூடாது. நின்றேன், எறிந்தேன், அடுத்த கணம் முகத்துக்கு நேரே வானம்தான் தெரிந்தது. கைதட்டல் கேட்டபிறகுதான் பந்து பிடிபட்டது என்று அறிந்தேன்.

திரும்பி ஐந்தாம் இலக்க ரெயினில் போகும்போது, அவன் வருவதைக் கண்டாயா என்று மட்டும் அப்பா கேட்டார். ஓம் என்றேன். பிறகு ஏன் விலகவில்லை என்று கேட்பார், என்ன சொல்லலாம் என்று யோசித்தபடி இருந்தேன். அவர் கேட்கவில்லை. வழியில் ஏறிய தெரிந்த மனுஷர் ஒருவர், நான் விலாவைப் பிடித்தபடி இருப்பதைக் கண்டு, தம்பிக்கு என்ன நடந்தது என்று விசாரித்தார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆள் வாறது தெரிஞ்சும் நிண்டவன். என்ரை மகன்."

கடையிலும் விடாது

இந்தப் பார்க்கிற வியாதி மைதானத்தோடு நிற்பதில்லை என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரு சனிக்கிழமை ஹோகனும் நானும் சாமான் வாங்கப் போனோம். கூடைகளையும் முகங்களையும் அளந்து, எந்த வரிசை வேகமாக நகரும் என்று அவனுக்கு ஒரு விரிவுரையே நடத்திவிட்டு, அந்த வரிசையில் போய் நின்றேன். எங்களுக்கு முன்னால் நின்ற வயதான பெண்மணி காசாளரின் பழைய அயலவராம். இருவரும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், முழங்கால் வலி எல்லாவற்றையும் கதைத்து முடித்தார்கள். பக்கத்து வரிசை கலைந்தே போய்விட்டது. ஹோகன் பாண் பொதியை மற்றக் கைக்கு மாற்றினான். "வாடிக்கையாளரை வாசிச்சனி சரி, காசாளரை ஆர் வாசிக்கிறது?"

நாலாவது ஆள்

படிப்பின் கடைசி வருடம், கடைசி ஆட்டம். வென்றால் அணி மேல்பிரிவுக்குப் போகும். ஹோகன் வடக்கே வேலைக்குப் போகிறான், நானும் விலகுகிறேன். எங்களுக்கு இன்னொரு வருடம் இல்லை. நாங்கள் பின்தங்கி நின்றோம், ஒரே ஒரு முயற்சிதான் மிச்சம், அதில் கோட்டைத் தாண்டினால் வெற்றி. மழைத் தூறல். எங்கள் கெட்டிக்கார ஓட்டக்காரனுக்குத் தூர மூலையில் எறியப் போகிறேன் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். பந்து வந்தது, பார்த்தேன். அவனை இருவர் காத்து நின்றார்கள். எங்கள் இரண்டாவது ஆளின் முன்னால் காவலன் ஒருவன் நின்றான். மூன்றாவது ஆள் ஈரப்புல்லில் சறுக்கி விழுந்தான்.

நாலாவது ஆள் அன்டெர்ஸ். என் பக்கத்தில் நின்று வருகிறவர்களை மறித்துவிட்டு, பிறகு சும்மா இடதுபக்கம் ஒதுங்குவது அவனுடைய வேலை. அவனுக்கு யாரும் எறிவதில்லை. அவனுக்கும் கோட்டுக்கும் இடையில் நடுக்காவலன் ஒருவன் மட்டும். அன்று முழுக்க என் கண் போகும் பக்கமெல்லாம் முதலில் போய் நின்று, என் எறிகளைக் கெடுத்தவன் அவன்தான். நான் தூர மூலையை முறைத்துப் பார்த்தேன், தோளையும் அந்தப் பக்கம் திருப்பினேன். அவன் அங்கே பாய்ந்தான். நான் பந்தை இடதுபக்கம் விட்டேன். அன்டெர்ஸ் ஏதோ தவறு நடந்துவிட்டதுபோல் அதைப் பிடித்து, ஒரு கணம் என்னைப் பார்த்து, பிறகு ஓடத் தொடங்கினான். கோட்டைத் தாண்டிய பிறகும் ஓடிக்கொண்டிருந்தான்.

இங்கெர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு மைதானத்து ஓர வாங்கில் உட்கார்ந்துவிட்டார். ஹோகன் என்னைத் தூக்கினான், இறக்க மறந்துபோனான். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்துக் கதைத்தவன் எதிரணியின் நடுக்காவலன். "முழு ஆட்டமும் உன்ரை கண்ணைத்தான் வாசிச்சனான், கடைசியிலை அது எனக்குப் பொய் சொல்லிப்போட்டுது."

இத்தனை வருடமும் கைதட்டிய எல்லோரும் பந்து போன திசையைத்தான் பார்த்தார்கள். அதை நான் ஏன் அங்கே எறிந்தேன் என்று விளங்கிக்கொண்டவர்கள் அநேகமாகத் தோற்ற பக்கத்தில்தான் நின்றார்கள்.