எக்ஸ்ரே மாமாவின் பெருக்கல் குறி

என் அக்காவின் கணவரைத் தெருவில் எல்லோரும் எக்ஸ்ரேக்காரர் என்பார்கள். எனக்கு மாமா. இருபத்துநான்கு வருடமாக மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறார். அடுத்தவர் எலும்பைப் பார்த்துப் பார்த்து, தன் கண்ணுக்குத் தப்புவது எதுவுமே இல்லை என்ற நினைப்பு அவருக்கு வந்துவிட்டது. நான் அதே வீட்டின் மாடியில் குடியிருப்பவன், தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவன். மாமாவின் அந்த நினைப்பைக் கிண்டல் செய்வதும் என் வேலைதான். அதற்குச் சம்பளம் கிடையாது.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு டிவியில் மல்யுத்தம். மாமா ஒன்றே முக்காலுக்கே கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவாள். நான் கதவோரம் நின்று வம்புக்கு இழுப்பேன்.

"கத்தறான் பாரு, அவனுக்கு ஒண்ணுமே ஆகல" என்பார் மாமா. "எங்ககிட்ட வர்றவங்களும் அப்படித்தான். ஊரைக் கூட்டிக்கிட்டு வர்றவனுக்கு வெறும் வீக்கம். ஒரு கையால இன்னொரு கையைப் பிடிச்சுக்கிட்டு மூலையில சத்தமில்லாம உக்காந்திருப்பான் பாரு, அவனுக்குத்தான் எலும்பு ரெண்டா போயிருக்கும்."

மல்யுத்தம் நடிப்பு என்பது மாமாவுக்குத் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. நன்றாகத் தெரியும். யார் ஜெயிப்பது, யார் நாற்காலியால் அடிப்பது, எல்லாமே முன்கூட்டிப் பேசி வைத்ததுதான் என்று அவரே சொல்வார். ஆனால் அத்தனை நடிப்புக்கு நடுவிலும் ஒன்று மட்டும் நிஜம் என்று அடித்துச் சொல்வார். அது ரெஃப்ரியின் கை. யாருக்காவது உண்மையிலேயே அடிபட்டால், கோடு போட்ட சட்டைக்கார ரெஃப்ரி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்துக் காட்டுவார். உடனே டாக்டர் ஓடி வருவார். மாமா அதற்கு வைத்த பெயர் பெருக்கல்.

அந்தப் பெருக்கல் டிவியோடு நிற்கவில்லை. கல்யாணமான இரண்டாம் வருடம், அக்காவின் பிறந்த வீட்டாரான எங்களைப் பற்றி மாமா நக்கலடித்துக்கொண்டே போயிருக்கிறார். மாமாவுக்கு வாய் நீளம். அழவும் தோன்றாமல், பதில் சொல்லவும் தெம்பில்லாமல், அக்கா சட்டென்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே தூக்கினாளாம். மாமா பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து அது வீட்டுச் சட்டம். பெருக்கல் போட்டால் வலி நிஜம். மற்றவர் கேள்வி கேட்காமல் நிறுத்திவிட வேண்டும். விளையாட்டுக்குப் போடக் கூடாது.

"வீட்டைப் பெருக்கறதும் நான், கையைப் பெருக்கறதும் நானா?" என்று அக்கா சிரிப்பாள். ஆனால் மாமாவும் போட்டிருக்கிறார். பதவி உயர்வு கைநழுவிப் போன நாளில், அக்கா ஆறுதல் சொல்ல வந்தபோது அவர் பேசாமல் கையைத் தூக்கியதை நானே பார்த்தேன். அக்கா ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனாள். இருபது வருடத்தில் ஏழெட்டு முறைதான் இருக்கும். ஒரு முறைகூடப் பொய்யாகப் போட்டதில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மாமாவின் அபிமான வீரன் கயிற்றின் மேலிருந்து வெளியே குதித்தபோது கால் மடங்கி விழுந்தான். அவனுக்கு இரும்புத்தோள் என்று பெயர். விழுந்தவன் கத்தவில்லை. ரெஃப்ரி குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், பெருக்கல் போட்டார். வர்ணனை செய்தவர்கள்கூட மௌனமானார்கள். ஸ்ட்ரெச்சர் வந்தது.

மாமா எழுந்து நின்றுவிட்டார். "முட்டி போச்சு. ஒரு வருஷம் எழுந்திருக்க மாட்டான்." அவர் கண் கலங்கியது. அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "வீட்டுல பொண்டாட்டி பிள்ளைங்க இதைப் பாத்துக்கிட்டு இருப்பாங்களே" என்றாள். அந்த வாரம் முழுக்க மாமா துக்க வீட்டுக்காரர் மாதிரி நடமாடினார். வேலைக்குப் போன இடத்தில் ஒரு முட்டிப் படத்தை வைத்து, எந்த இடத்தில் கிழிந்திருக்கும் என்று நர்ஸுகளுக்கு விளக்கினாராம்.

அடுத்த சனிக்கிழமை அவனை விழவைத்த எதிராளி மேடையில் கொக்கரித்துக்கொண்டிருந்தான். ஆம்புலன்ஸ் ஒன்று உள்ளே வந்தது. பின்கதவு திறந்தது. இரும்புத்தோள் குதித்து இறங்கி ஓடிவந்து நாற்காலியால் நாலு சாத்து சாத்தினான். முட்டி ஜம்மென்று இருந்தது. ஓரத்தில் நின்ற ரெஃப்ரி சிரித்தார்.

மாமா பேயறைந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். "அப்போ பெருக்கல்?" என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது என்பது இப்போது புரிகிறது.

அன்றிலிருந்து மாமா குழம்பிப் போனார். ரெஃப்ரி பொய் சொன்னாரா, இல்லை ரெஃப்ரியையே ஏமாற்றிவிட்டார்களா? வர்ணனைக்காரர்கள் மௌனமானார்களே, அந்த மௌனத்துக்கும் ஒத்திகை உண்டா? மூன்று வருடத்துக்கு முன் பெருக்கலோடு போன ஒருவன் திரும்பவே இல்லையே, அவன் கதை என்ன? நான் மோட்டாருக்குச் செம்புக்கம்பி காயில் சுற்றிக்கொண்டிருக்கும்போது படியேறி வந்து கேட்பார்.

"எல்லாத்தையும் நடிக்கட்டும்டா. வேண்டாம்னு யார் சொன்னா? ஆனா நெஜத்துக்குன்னு ஒண்ணு வச்சிருந்தானே, அதையும் நடிச்சுட்டா, நெஜமா அடிபட்டவன் என்ன பண்ணுவான்?"

"மாமா, மோட்டார் எரிஞ்சு போனவங்க தண்ணியில்லாம உக்காந்திருக்காங்க. அது நெஜம்" என்றேன். எனக்கு எரிச்சல்தான். ஆனால் அவர் போன பிறகு அந்தக் கேள்வி என் தலையையும் குடைந்தது. எத்தனை சுற்று சுற்றினேன் என்பதே மறந்து, காயிலைப் பிரித்து மறுபடி சுற்றினேன்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை. மாமா கூடத்தில் போனை மூக்குக்கு நேரே பிடித்து, அந்தப் பழைய காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெஃப்ரி கையைத் தூக்கும்போது முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று ஆராய்ச்சி. அக்கா சமையலறையில் ஸ்டூல் போட்டு ஏறிப் பரண் மேலிருந்த பெரிய பாத்திரத்தை இழுத்திருக்கிறாள். மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த எனக்குச் சத்தம் கேட்டது. முதலில் பாத்திரம், பிறகு ஆள்.

நான் ஓடிப் போனபோது மாமா சமையலறை வாசலில் போனும் கையுமாக நின்றார். அக்கா தரையில் ஒரு காலை மடக்கியபடி கிடந்தாள். முகம் வெளுத்திருந்தது. வாயைத் திறக்கவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே தூக்கியிருந்தாள்.

மாமா அந்தக் கையையே பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

"நெஜமாவா?" என்றார்.

அவ்வளவுதான். ஒரு நொடி இருக்கும், இரண்டு நொடி இருக்கும். அதற்குள் அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. போனை எறிந்துவிட்டுக் குனிந்தார். ஆனால் அதற்கு முன்பே அக்கா கைகளை இறக்கிவிட்டாள். அவள் அதை இறக்கிய விதத்தை நான் பார்த்தேன். எனக்கு மாமா மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

அவர் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கே போனோம். அன்று மாமாவுக்கு விடுமுறை. ட்யூட்டியில் வேறு ஒரு பெண் இருந்தாள். "நானே எடுக்கறேன்மா" என்று அவளை நகர்த்திவிட்டு, அக்காவை மேசை மேல் படுக்கவைத்துக் காலைத் திருப்பி வைத்தார். பிறகு கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து, பழக்க தோஷத்தில் நெஞ்சுப் படத்துக்குச் சொல்வதையே கணுக்கால் படத்துக்கும் சொன்னார்.

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க."

இருபத்திரண்டு வருடப் பெண்டாட்டிக்கு 'ங்க' போட்டார். அக்காவும் பிடித்தாள். படம் திரையில் வந்தது. மாமா வாயைப் பிளந்துகொண்டு அதையே பார்த்தார். உள்ளே அக்கா மூச்சைப் பிடித்தபடியே கிடந்தாள்.

"மாமா, மூச்சு விடச் சொல்லுங்க" என்றேன் நான்.

"ஐயோ, விடு, விடு" என்று உள்ளே ஓடினார்.

கணுக்காலின் வெளி எலும்பு உடைந்திருந்தது. மாமா திரையை அக்கா பக்கம் திருப்பி, விரலை வைத்துக் காட்டினார். "இங்க பாரு. இதோ, இந்தக் கோடு. உடைஞ்சேதான் போயிருக்கு." வழக்கில் தீர்ப்பு வந்தது போல ஒரு நிம்மதி அந்தக் குரலில் இருந்தது, அது அவருக்கே தெரிந்திருக்காது.

அக்கா திரையைப் பார்க்கவில்லை. "எனக்கு அப்பவே தெரியும்ங்க. உங்களுக்குத்தான் படம் வேண்டியிருந்துது" என்றாள்.

மாமா அசடு வழிய நின்றார். ட்யூட்டிப் பெண் எதுவும் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு பேரும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மாமா பாத்திரம் கழுவினார், துணி காயப்போட்டார், அக்கா கேட்காததையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தார். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் என் எதிரிலேயே கேட்டார்.

"இனிமே உனக்கு நெஜமா வலிச்சா எனக்கு எப்படித் தெரியும்?"

"கூப்பிடுவேன்."

"கூப்பிட்டா?"

"வரணும்."

"அது எப்பவும் வர்றதுதானே. வலின்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"கண்டுபிடிக்க வேண்டாம். வந்தா போதும்."

மாமா என்னைப் பார்த்தார், நான் ஏதாவது விளக்குவேன் என்பது போல.

அடுத்த சனிக்கிழமை மதியம் கீழே இறங்கினேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. இரும்புத்தோளின் ஆட்டம். மாமா ஏனோதானோ என்று உட்கார்ந்திருந்தார். நம்பவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. கடைசிக் கட்டம். இரும்புத்தோள் எதிராளியை அமுக்கிப் பிடித்துவிட்டான், ரெஃப்ரி தரையில் தட்டி எண்ண ஆரம்பித்தார். அப்போது உள்ளறையிலிருந்து அக்கா மெல்லக் கூப்பிட்டாள்.

"என்னங்க."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. மாமா கைலி தடுக்கி, சமாளித்து, உள்ளே போய் நின்றார். நானும் பின்னாலேயே போனேன். அக்கா தலையணையில் சாய்ந்து, கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வலி இருக்கிற மாதிரியும் தெரியவில்லை, இல்லாத மாதிரியும் தெரியவில்லை.

"என்ன, வலிக்குதா? தண்ணி வேணுமா? மாத்திரையா?"

"ஒண்ணும் இல்ல. சும்மாதான் கூப்பிட்டேன்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

கூடத்தில் கூட்டம் ஆர்ப்பரித்தது. எவன் ஜெயித்தான் என்று மாமா திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்றும் விளங்காத முகத்தோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அக்கா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.