குதிரை தின்ற கேக்கும் என் டேனிஷும்

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் ஜெர்மனியின் ஃபிளென்ஸ்பேர்க்குக்குப் பக்கத்து ஊரொன்றில், பேக்கரி ஒன்றில் மா பிசைந்துகொண்டிருந்தேன். டேனிஷ் எல்லை கூப்பிடு தூரம். முதலாளியம்மா அந்த வட்டாரத்து டேனிஷில்தான் வேலை வாங்குவார். நான் அவரை அக்கா என்றே கூப்பிடுவேன்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பேச்சு எனக்கு நன்றாக ஒட்டிக்கொண்டது. டொச்சில், அதுதான் ஜெர்மனில், மேசை ஆண், விளக்கு பெண், புத்தகம் இரண்டுமில்லை. கண்டறியாத பால்! பதினைந்து வருடமாக அதில் வழுக்கி விழுந்துகொண்டிருந்தேன். அக்காவின் பேச்சிலோ 'அந்த' என்று சொல்ல எல்லாச் சாமானுக்கும் முன்னால் ஒரே 'எ'தான். "உன்ரை டொச்சே நொண்டி, இதுவும் வேறையோ?" என்று வீட்டில் என் கணவர் நக்கலடிப்பார். "ஓம், இதிலை நான் ஓடுறன்" என்பேன்.

ஒரு நாள் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தாள். 'ஒரு' என்று சொல்லும்போது மட்டும் அக்காவின் பேச்சிலும் பால் எட்டிப்பார்க்கும்; அப்போது இந்த ஊரார் எந்தச் சொல்லுக்கு எந்தப் பால் கொடுக்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆய்வு. போன வீடுகள் எதிலும் யாரும் இயல்பாகப் பேசவில்லை. மறுநாள் கருவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அக்காவும் ஏப்ரனைக் கழற்றி, தலை வாரி, பள்ளிக்கூடத்து டேனிஷில் விறைப்பாகப் பதில் சொன்னார். எங்கள் ஆட்களும் மைக்கைக் கண்டால் செந்தமிழுக்குத் தாவுவார்களே, அதே கூத்து. மாணவிக்கு அழுகை வராத குறை.

எனக்குப் பொறுக்கவில்லை. பிசைந்த கையோடு போய் அக்காவின் பேச்சிலேயே கேட்டேன்.

"அக்கா, கலியாணக் கேக்கைக் குதிரை திண்ட கதையைச் சொல்லுங்கோவன்."

"ஐயோ, அந்த மூதேவிக் குதிரை!" என்று தொடையில் அடித்தபடி தொடங்கினார். நான் இடைக்கிடை கிண்டிவிட, முக்கால் மணி நேரம் நிறுத்தவேயில்லை. குதிரை, வண்டில், பால், முட்டை, மாமியார் எல்லாம் அசல் ஊர்ப்பேச்சில் வந்து விழுந்தன. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

மாணவி என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். பிறகு தயங்கினாள். "வெளியாட்களின் பேச்சு ஆய்வில் சேரக்கூடாது. உங்கள் குரலை மட்டும் வெட்டிவிடுவேன்."

சுருக்கென்றது. தலையாட்டிவிட்டு மாவுக்குத் திரும்பினேன்.

"நில்லு!" என்று என்னை மறித்த அக்கா, மாணவியைப் பார்த்தார். "அவளை வெட்டுறதெண்டால் என்னையும் வெட்டு. நான் கதைச்சது அவளோடை, உன்னோடை இல்லை."

மாணவி, அக்கா நிரப்பியதைப் போலவே இன்னொரு படிவத்தைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினாள். 'பேசுபவர்' என்ற இடத்தில், மா ஒட்டிய விரல்களால் என் பெயரை நானே எழுதினேன்.