புளிமூட்டை வரிசை

போன வாரம் காலை ரெண்டாவது சிங்கிளில் (ஒரு வழி நடைக்கு எங்கள் பேர் அது) டியூஷன் வாத்தியார் என் பஸ்ஸில் ஏறினார். நான் அன்னவாசலிலிருந்து புதுக்கோட்டை போகிற பஸ்ஸில் கண்டக்டர். ஆளைப் பார்த்ததுமே கண்டுகொண்டேன் என்று சொன்னால் பொய். ஆளுக்கு முன்னால் அவருடைய மூக்குப்பொடி நெடிதான் ஏறியது. அது மூக்கில் பட்டதும் என் கை தானாகத் தலைக்குப் போய்விட்டது, எங்கே குட்டு விழுந்துவிடுமோ என்று. இருபத்துமூன்று வயசு, தோளில் பை, வாயில் விசில், இந்த லட்சணத்தில் ஒரு கண்டக்டர் தலையைப் பொத்திக்கொண்டு நிற்கிறான். முன் சீட்டில் இருந்த கீரைக்காரம்மா சிரித்துவிட்டது.

"நம்ம ஸ்டூடண்டு!" என்றார் வாத்தியார், பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி. "என் டியூஷன்ல இவன்தான் ஃபர்ஸ்ட்டு. என்னடா, நல்லாருக்கியா?"

எட்டாங்கிளாஸ் பரீட்சையில் ரெண்டு தரம் ஃபெயிலானவன் நான். அதைக்கூடத் தன் பெருமையில் சேர்த்துக்கொள்ள அவருக்குக் கூச்சமில்லை. டிக்கெட்டை வாங்கி மடித்துக்கொண்டே கேட்டார்.

"ஒனக்கு ஒரு தங்கச்சி இருந்துச்சே, மக்கு ஒண்ணு. எங்கிட்டுக் கட்டிக் குடுத்தீக?"

செவந்தி செத்து அஞ்சு மாசம் ஆகிறது. விசிலை ஊதிவிட்டேன். ஸ்டாப்பே இல்லாத பொட்டல்காட்டில் பஸ் நின்றது. டிரைவர் திரும்பி என்னை ஒரு முறை முறைத்தார்.

அந்த மூக்குப்பொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாத்தியார் ஒரு சிட்டிகை எடுப்பார், இடது மூக்குக்கு ஒரு இழுப்பு, வலது மூக்குக்கு ரெண்டு. அப்புறம் தொண்டையில் ஒரு உறுமல். அதற்கப்புறம்தான் பேச்சே வரும். இதை நான் அவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. செவந்தி செய்து காட்டித்தான் தெரியும். மூணு வருஷம் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன், ரெண்டு இழுப்பா மூணு இழுப்பா என்று நான் பார்த்ததே இல்லை. அவள் ஒரே சாயங்காலத்தில் பார்த்துவிட்டாள்.

டியூஷன் நடந்தது ஒரு புளிக் குடோனில். புளி யாவாரி ஒருவர் தன் பேரன் படிப்பதற்காகச் சும்மா விட்ட இடம். முன்பக்கம் பாதி காலி, பின்பக்கம் கூரை வரைக்கும் மூட்டை. இன்றைக்கும் வீட்டில் புளி கரைக்கிற வாசனை வந்தால் நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன். குடோனுக்கு ஒரே ஒரு அரிக்கேன் லைட்டு. லைட்டைச் சுற்றிக் கெட்டிக்காரப் பிள்ளைகள். அதுக்குப் பேர் லைட்டு வரிசை. மூட்டையை ஒட்டி இருட்டில் மக்குகள். அதுக்குப் பேர் புளிமூட்டை வரிசை.

"இருட்டுல ஒக்காந்தா என்ன, வெளிச்சத்துல ஒக்காந்தா என்ன, ஒனக்கு ரெண்டும் ஒண்ணுதானே," என்பார் அவர்களைப் பார்த்து. நாங்கள் லைட்டு வரிசை சிரிப்போம். நானும்தான்.

யார் கெட்டிக்காரன், யார் மக்கு என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேளுங்கள். சேர்கிற அன்றைக்கு நெற்றியில் விரலை வைத்து அளப்பார். நாலு விரல் அகலம் இருந்தால் லைட்டுக்குப் பக்கம். மூணு விரல் என்றால் மூட்டைக்குப் பக்கம். "ராஜா காலத்துல நான் நெத்திய அளந்து பாஸ் பண்ண வச்ச புள்ளைக இன்னைக்கி தாசில்தாரா இருக்கு," என்பார். ராஜா போய்ச் சமஸ்தானமும் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. போனவர்கள் வந்து பொய் என்று சொல்லப் போவதில்லை அல்லவா?

எனக்கு நாலு விரலுக்கும் மேலே. அதிலே எனக்கு எத்தனை கர்வம் தெரியுமா? டியூஷன் சேர்வதற்கு முந்தின வாரம்தான் கோயிலில் எனக்கு மொட்டை போட்டிருந்தார்கள். நெற்றி எங்கே முடிகிறது, மண்டை எங்கே ஆரம்பிக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த மொட்டைத் தலையை அளந்து என்னை லீடர் ஆக்கினார். செவந்திக்கு நெற்றியில் வந்து விழுகிற முடி. ரெண்டரை விரல். அதோடு அவள் கதை முடிந்தது. முடி வளர்ந்த பிறகு என்னையும் ஒரு தரம் அளந்திருந்தால் நானும் மூட்டைப் பக்கம்தான். யாரும் அளக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

லீடர் வேலை என்னவென்றால், கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லாதவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தலையில் குட்ட வேண்டும். என் தங்கச்சியை நான் குட்டியது கொஞ்சநஞ்சமில்லை. அவள் அழ மாட்டாள். "அண்ணே, ஒம் மோதர வெரலு எலும்பு குத்துது, நடுவெரல்ல குட்டு," என்பாள்.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் வாத்தியார் காப்பி சாப்பிடப் போவார். முக்கால் மணி நேரக் காப்பி. நாங்கள் கோனார் வீட்டு மாடு மாதிரி சொன்னதையே அசைபோட்டுக் கத்திக்கொண்டிருப்போம். அந்தச் சத்தத்துக்கு அடியில் மூட்டைப் பக்கம் வேறொரு டியூஷன் நடந்தது. அதை நடத்தினவள் செவந்தி. அவளுக்குப் பத்து வயசு.

கருப்பையா என்று ஒரு பையன், ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளை. பதினாறாம் வாய்ப்பாடு அவன் வாயில் நுழையவே இல்லை. ஆனால் பட்டிக்குள் ஆடு போகும்போது ஒரு குட்டி குறைந்தாலும் எண்ணாமலேயே சொல்லிவிடுவான். செவந்தி அவன் அப்பா குரலை எடுத்துக் கேட்பாள், வெற்றிலை குதப்பினபடி.

"ஏலே கருப்பையா, பட்டிக்குப் பதினாறு உருப்படிடா. ஏழு பட்டி போட்டுருக்கேன். நரி எத்தனைய எண்ணிப் பாக்கும்?"

"நூத்திப் பன்னெண்டுப்பா," என்பான் பட்டென்று. அப்புறம் பயந்துபோய்ச் சுற்றிப் பார்ப்பான், தானா சொன்னோம் என்று.

மாரியாயி என்று ஒருத்தி. திக்குவாய். 'ப' எழுத்தில் மாட்டினால் வாத்தியார் பொடி போட்டு முடிக்கும்வரை அங்கேயே நிற்பாள். ஆனால் கும்மியில் அவள்தான் முதல் பாட்டு, ஒரு இடத்திலும் திக்க மாட்டாள். செவந்தி வாய்ப்பாட்டைக் கும்மி மெட்டில் போட்டுக் கொடுத்தாள். ரெண்டு பேரும் முழங்காலில் தட்டிக்கொண்டு முனகுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். கூத்தடிக்கிறாள் கழுதை என்று நினைத்தேன். கெட்டிக்காரன் என்று பேர் எடுத்தவன் பார்வை அவ்வளவுதான்.

சந்தை நாளில் அப்பன்மார்கள் வருவார்கள். சந்தை முடிந்து போகிற வழியில் குடோன் வாசலில் நின்று கேட்பார்கள். அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருத்தரும் இல்லை. சத்தத்தை வைத்துத்தான் படிப்பை அளந்தார்கள். தன் பிள்ளை குரல் தெருவுக்குக் கேட்டால் நன்றாகப் படிக்கிறான். கேட்காவிட்டால் வீட்டில் போய் அடி. எங்கள் அப்பா அந்த மாசம் முடிவு செய்து வைத்திருந்தார். இந்தச் சந்தைக்கும் செவந்தி குரல் கேட்காவிட்டால் பள்ளிக்கூடத்திலிருந்தே நிறுத்திவிட்டுக் கடலைக்காட்டு வேலைக்கு அனுப்புவது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தச் சந்தை நாளன்று வாத்தியார் காப்பிக்குப் போனதும் நான் லீடர் மிடுக்கில் லைட்டைத் திருகப் போய், கண்ணாடி உடைந்து விழுந்து லைட்டு அணைந்துவிட்டது. குடோன் முழுக்க இருட்டு. இப்போது பாருங்கள் வேடிக்கையை. லைட்டு வரிசையில் ஒருத்தருக்கும் வாய் திறக்கவில்லை. புஸ்தகம் தெரியாவிட்டால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. வெளியே அப்பன்மார்கள் வந்துவிட்டார்கள். உள்ளே மூச்சுச் சத்தம்தான் கேட்கிறது.

அப்போது இருட்டுக்குள் ஒரு இழுப்பு. அப்புறம் ரெண்டு இழுப்பு. ஒரு உறுமல்.

"ம்... புளிமூட்டைக் கழுதைகளா! ஏழு பதினாறு என்னடா?"

வாத்தியார் எப்போது வந்தார் என்று நினைத்தேன்.

"நூத்திப் பன்னெண்டு!" கருப்பையா குரல் கூரையில் இடித்தது.

"எட்டு பதினாறு?"

"நூத்தி இருபத்தெட்டு!" மாரியாயி ராகம் போட்டுப் பாடினாள். பின்னாலேயே மூட்டை வரிசை மொத்தமும் கும்மி மெட்டில் பிடித்துக்கொண்டது. ஒன்பது பதினாறு, பத்து பதினாறு என்று போய்க்கொண்டே இருக்கிறது. வெளியே அப்பன்மார்கள் வாசலை நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"வாத்தியாரு மக்குகளையே பேச வச்சுட்டாருய்யா," என்று யாரோ சொன்னார்கள்.

அந்த நேரம் பார்த்து நிஜ வாத்தியார் காப்பி குடித்துவிட்டு வந்து அவர்களுக்குப் பின்னால் நின்றார். "என்னய்யா கூட்டம்?" என்றார். கருப்பையாவின் அப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல், "சும்மா நில்லுமய்யா, வாத்தியாரு பாடம் நடத்துறாருல்ல," என்று அதட்டினார்.

வாத்தியார் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. தீக்குச்சி கிழித்த வெளிச்சத்தில் பார்த்தால், என் தங்கச்சி மூட்டை மேல் உட்கார்ந்து மூக்கில் ரெண்டு விரலை வைத்திருக்கிறாள்.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் அப்பாவும் சிரித்தார். அவர் சிரிப்பில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வாத்தியார் சிரிக்கவில்லை.

"புள்ளைய டியூஷனுக்கு அனுப்பிருக்கியா, கூத்துக்கு அனுப்பிருக்கியா? இதுக்குப் படிப்பு ஏறாது. கூத்தாடத்தான் லாயக்கு."

அப்பா முகம் சுருங்கிப்போனது. இருந்தாலும் கேட்டார், "கோவிச்சுக்காதீக. அது கேட்டதுக்குப் புள்ளைக சொன்னதெல்லாம் சரியா, அத மட்டும் சொல்லுங்க."

"நான் என்னத்தச் சொல்ல? ஒம் மகனையே கேளு. அவன்தானே லீடரு." சொல்லிவிட்டு வாத்தியார் என்னைப் பார்த்தார். லைட்டுக் கண்ணாடி என் காலடியில் கிடந்தது. அதையும் பார்த்தார்.

அப்பா கேட்டார், "நீ சொல்லுடா. சரியா, தப்பா?"

எல்லாம் சரி. ஒரு எண்கூடப் பிசகவில்லை. சரி என்று சொன்னால் லைட்டு வரிசையில் நான் எதற்கு என்று ஆகிவிடும். பன்னிரண்டு வயசில் எனக்கு அந்தக் கணக்கு மட்டும் நன்றாக வந்தது.

"தப்புப்பா," என்றேன்.

"சரிதேன்! எனக்குத் தெரியும், சரிதேன்!" என்று கருப்பையா கத்தினான். அவன் தலையில் வாத்தியார் ஒன்று வைத்தார். மக்கு சொல்வதை யார் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்? அப்பா செவந்தி கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்க்காமல் நடந்தார்.

வீட்டில் சோறு சாப்பிடும்போது செவந்தி தட்டைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, "தப்புப்பா," என்றாள்.

அது அவள் குரல் இல்லை. என் குரல். கடைசி எழுத்தில் நான் எச்சில் விழுங்கினதைக்கூட எடுத்திருந்தாள். அப்பா நான்தான் பேசினேன் என்று நினைத்து, "தெரியும், தின்னு," என்றார்.

அதற்கப்புறம் என் எதிரில் அவள் யார் குரலையும் எடுத்ததில்லை. சண்டையும் போடவில்லை. அடுத்த நாளே கடலைக்காட்டுக்குப் போனாள். பதினேழு வயசில் கீரனூர் பக்கம் கட்டிக்கொடுத்தோம். நான் எட்டாங்கிளாஸில் ஃபெயிலாகி, மறுபடி எழுதி மறுபடி ஃபெயிலாகி, பஸ்ஸில் ஏறினேன். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுவிட்டார்களாம், அப்பாவிடம் வாத்தியார் சொன்ன சமாதானம் அது.

போன பங்குனியில் அவளுக்கு ஜுரம் வந்தது. நாலு நாள்தான். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ரூட்டில் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் யோசித்து வைத்திருந்ததில் ஒரு வார்த்தையும் வரவில்லை. அவள்தான் கேட்டாள், "அண்ணே, மாரியாயி இப்பவும் திக்குறாளா?" எனக்குத் தெரியாது. ஒரே ஊரில் இருந்துகொண்டு நான் விசாரித்ததே இல்லை. "இல்ல, நல்லாப் பேசுறா," என்றேன். அது பொய் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். என் குரலை என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் அவள்.

அந்தக் குடோன் இப்போது உர டிப்போ. புளி வாசனை இல்லை, யூரியா நெடி. கருப்பையா மதுரைப் பக்கம் போய்விட்டானாம். அரிக்கேன் லைட்டை யார் கொண்டுபோனார்களோ. வாத்தியார் மட்டும் நன்றாக இருக்கிறார். அன்றைக்குப் புதுக்கோட்டையில் இறங்கும்போது என் முதுகில் தட்டி, "தங்கச்சிய விசாரிச்சேன்னு சொல்லுடா," என்றார். அவர் நெற்றியைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், மூணு விரல்கூடத் தேறாது.

திரும்புகிற சிங்கிளில் மத்தியான வெயிலுக்கு ஒரு ஆளும் ஏறவில்லை. காலி பஸ். பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். எல்லார் குரலும் அவளிடம் இருந்தது. எங்கள் அம்மா கோபம், சந்தைக்காரன் கூவல், என் பொய், எல்லாம். அவள் எப்படி "அண்ணே" என்று கூப்பிடுவாள் என்று நினைத்துப் பார்த்தேன். காதுக்குள் வருகிற மாதிரி இருந்தது. அது தப்பிப்போய்விடுமே என்று வாயைத் திறந்து அப்படியே கூப்பிட்டுப் பார்த்தேன்.

"அண்ணே."

இன்னொரு தரம், கொஞ்சம் மெல்லிசாக.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "என்னய்யா, தொண்டை கட்டிக்கிச்சா?"

"ஆமாண்ணே," என்றேன்.