சார்வாள் வாங்கிய கேமரா

பக்கத்து வீட்டு ஞானசிகாமணி சார்வாள் யாரையும் முழுசாகப் பேசி முடிக்க விடமாட்டார். பாளையங்கோட்டையில் காலமெல்லாம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். விடை தெரிந்த பிறகு மிச்சத்தை எதற்குக் கேட்க வேண்டும் என்பார். இந்தக் குணத்தால்தான் ஒரே மகன் ஜெய்சனோடு பேச்சு அற்றுப்போனது. கூட வேலை பார்த்த சுப்ரஜாவைக் கல்யாணம் பண்ணப்போவதாக அவன் ஆரம்பித்ததும், சபைக் கோயிலிலா ரிஜிஸ்டர் ஆபீஸிலா என்று மட்டும் கேட்டார். ரிஜிஸ்டர் ஆபீஸ் என்றதும் எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து வீட்டு ஜெபத்தில்கூட அவன் பெயர் வருவதில்லை. அவர் மனைவி தேவமணி அக்கா அடுப்படியில் நின்று மகனோடு ரகசியமாகப் போனில் பேசுவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சார்வாள் மேல் எரிச்சலாக வரும்.

அப்படிப்பட்டவர் கேமரா வாங்கக் கிளம்பியது பெட்ரோலுக்காக. வாசலில் நிற்கும் அவருடைய ஸ்கூட்டரிலிருந்து யாரோ உறிஞ்சிக்கொண்டே இருந்தார்கள். என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார். முதல் கடையில், பதிவெல்லாம் கம்பெனியிடம் பத்திரமாக இருக்கும், மாசாமாசம் சந்தா கட்டினால் போதும் என்றார்கள்.

"எங்க வாசல்ல நடக்கதை எவன்கிட்டயோ கொடுத்து வச்சிட்டு, அதைப் பாக்க நான் துட்டு கட்டணுமாக்கும்?" என்று படியிறங்கிவிட்டார்.

ஜங்ஷனில் ரசீத் அண்ணாச்சி கடையில்தான் அவருக்கு மனசு ஒப்பியது. சந்தா கிடையாது. உள்ளே போடும் மெமரி கார்டிலேயே எல்லாம் பதியும். கார்டு நிறைந்தால் பழசு தானாக அழிந்து புதுசு ஏறும். ஐப்பசி மழைக்கும் தாங்கும். ரசீத் அண்ணாச்சி போனைக் காட்டி இன்னும் ஏதோ சொல்ல வந்தார். சார்வாள் அதற்குள் கேமராவைப் போடப் பையை நீட்டிவிட்டார். சந்தா இல்லையென்றால் எதுவும் வீட்டைத் தாண்டாது என்பது அவர் போட்ட கணக்கு.

கேமராவை மாட்ட வந்தவர் அந்த மிச்சத்தை அக்காவிடம் சொன்னார். வீட்டில் வைஃபை இருந்தால் போதும், எந்த ஊரிலிருந்தும் போனில் பார்க்கலாம், கேட்கலாம், பேசவும் செய்யலாம். அக்கா அன்றைக்கே பெங்களூரில் இருக்கும் ஜெய்சனுக்கு வழி பண்ணிக் கொடுத்துவிட்டார். அப்பா செருப்பைத் தேடுவதையும் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்புவதையும் அவன் தினமும் பார்த்தான். பேசத்தான் தைரியம் வரவில்லை. பெட்ரோல் திருடனோ அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

ஒரு புதன்கிழமை சாயங்காலம், இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அக்கா பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்தார். சார்வாள் வராந்தாவில், கேமராவுக்கு நேர் கீழே, முழங்காலில் நின்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். நான் கேட் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். சபை, பேராயர், வியாதியஸ்தர் என்று வழக்கமான வரிசையில் எல்லாரும் வந்தார்கள். பிறகு குரல் இறங்கியது.

"ஜெய்சனையும் அந்தப் பிள்ளை சுப்ரஜாவையும் உம்முடைய செட்டைகளின் கீழ் மூடிக்கொள்ளும். அவனைக் கூப்பிட எனக்கு வாய் வரமாட்டேங்கு ஆண்டவரே. நீரே கூட்டிட்டு வாரும்."

"ஆமென்" என்றது தலைக்கு மேலிருந்து ஒரு குரல்.

சார்வாள் ஆடிப்போய்விட்டார். ஆண்டவரே பேசிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்திருப்பார்.

"அப்பா" என்றது குரல்.

ஆண்டவர் இவரை அப்பா என்று கூப்பிட மாட்டார் அல்லவா? சார்வாள் நிமிர்ந்து கேமராவையே பார்த்தார். கண்ணீர் தாடை வரைக்கும் இறங்கியது. துடைக்கவில்லை.

"அவ எங்க லே?"

"உள்ள இருக்காப்பா."

"கூப்பிடு. எல்லாருமா சேந்து சொல்லுத பரமண்டல ஜெபம் இன்னும் சொல்லலை."

ஜெய்சன் தடுமாறினான். அவளுக்கு அந்த ஜெபம் தெரியாது என்றான். சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று தனக்கும் தோன்றவில்லை என்றான். அதற்காகக் கோபப்படக் கூடாது என்று என்னென்னவோ இழுத்தான். சார்வாள் அவனை முழுசாகப் பேசி முடிக்க விட்டார்.

"தெரியலேன்னா என்ன லே? உன் பக்கத்துல வந்து நிக்கட்டும்."

நான் ஏணியைக் கேட்டில் சாய்த்துவிட்டு, தேவமணி அக்காவைக் கூட்டிவரக் கோயிலுக்கு ஓடினேன்.