காதுக்குள் கேட்ட நாதம்

தியானத்தில் உட்கார்ந்த முதல் மாதத்திலேயே எனக்கு நாதம் கேட்டுவிட்டது. இன்று இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அன்று பெருமைக்காகத்தான் சொன்னேன், கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன்.

திருப்பதியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தேன். எலக்ட்ரானிக்ஸ் படிப்பு முடிந்திருந்தது. நேர்முகத் தேர்வுகளுக்குப் போவதும் திரும்பி வருவதுமே வேலையாக இருந்தது. எதிரில் இருப்பவர் வாயைத் திறப்பதற்கு முன்பே என் கை நடுங்கத் தொடங்கிவிடும். தூக்கம் போய்விட்டது. நகம் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் புண். நான் எதையும் பாதியில் விடுகிறவள்தான், ஆனால் அந்தப் பாதிவரைக்கும் முழு வேகத்தில் போகிறவள். காலை ஓட்டம், ஜப்பானிய மொழி, சர்க்கரை இல்லாத வாழ்க்கை எல்லாம் அப்படித்தான் வந்து போயின. பிறகு தியானம்.

என் அறைத்தோழி பங்காருபாளையத்து மாந்தோப்பு வீட்டுப் பெண். திருப்பதியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். காலையில் கண் விழித்ததும் கட்டிலில் சப்பணமிட்டிருந்த என்னைப் பார்த்தாள்.

"இப்ப இன்னா புதுசா?"

"மூச்சப் பாக்கறேன்."

"பாக்கலன்னா ஓடியா பூடும்?"

"நீயும் ஒக்காந்து பாருடி."

"எனக்கு மூச்சு தானா வருது, பாத்துக்கினு இருக்கத் தேவையில்ல. முதல்ல மெதுவா பேசு. ஆஸ்டலே எழுந்துகினு வரும்."

விடுதிக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மருந்துக் கடையின் மாடியில் விடியற்காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். நடத்தியது கணினி வேலையை விட்டுவிட்டு வந்த ஓர் அக்கா. என்னைவிட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும். அங்கே மந்திரமும் கிடையாது, சாமி படமும் கிடையாது. கண்ணை மூடு, மூச்சைக் கவனி, எண்ணம் வந்தால் அதைத் திட்டாதே, திரும்பி மூச்சுக்கு வா. அவ்வளவுதான். அவ்வளவில்தான் எல்லாம் மாறியது. தூக்கம் திரும்பி வந்தது. நகம் வளர்ந்தது, அறைத்தோழி அதற்கு மருதாணி நிறத்தில் பூச்சுகூடப் போட்டுவிட்டாள். அம்மாவோடு போனில் சண்டை பிடிப்பது நின்றது. எதையாவது படிக்க உட்கார்ந்தால் ஒரு பக்கம் முழுக்க மனது அங்கேயே நின்றது. பின்னால் என்ன நடந்திருந்தாலும் இவை பொய்யாகிவிடாது.

ஒருநாள் பேச்சோடு பேச்சாக அக்கா சொன்னார்: "மனசு நல்லா அடங்கினா உள்ளுக்குள்ள ஒரு சூட்சுமமான சத்தம் கேக்கும்னு பழைய ஆளுங்க சொல்வாங்க. நாதம்னு பேரு. எனக்கே இன்னும் கேட்டதில்ல."

நான் கையைத் தூக்கினேன். "எனக்குக் கேக்குதுக்கா."

எல்லோரும் திரும்பினார்கள்.

"எப்படி இருக்கு?"

"மெல்லிசா, ஈ…ன்னு. ஒரு கம்பிய இழுத்துக்கினே போற மாதிரி. நிக்கவே மாட்டேங்குது."

அக்காவின் முகத்தில் பொறாமை இல்லை, மரியாதைதான் இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஒலியை முன்பே எங்கோ கேட்டதுபோல இருந்ததையும் போன ஜென்மத்துத் தொடர்பு என்று கணக்கில் சேர்த்துக்கொண்டேன். அதன் பிறகு மூச்சைக்கூட விட்டுவிட்டேன். கண்ணை மூடியதும் நேராக அந்த ஒலியில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

அறைத்தோழி கைகூப்பினாள். "சாமி, எங்க மேனேஜருக்கு ஒரு வாரம் பேதி ஆகணும். வரம் குடு சாமி."

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்கு நேர்முகத் தேர்வு வந்தது. தரப் பரிசோதனைப் பிரிவு. மூன்று பேர் எதிரில் உட்கார்ந்து மாற்றி மாற்றிக் கேட்டார்கள். கை நடுங்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று நிதானமாகச் சொன்னேன். எடுத்துக்கொண்டார்கள். மருத்துவப் பரிசோதனை மட்டும் பாக்கி. தியானம் வாங்கித் தந்த வேலை என்று மாடியில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். சொந்த ஊரான நகரியில், என் முதல் மாதச் சம்பளம் கைக்கு வரும் முன்பே எங்கள் தெரு முழுக்கச் செலவாகிவிட்டது, பேச்சில்.

கண், ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் முடிந்து காது சோதனைக்குப் போனேன். சின்னப் பெட்டி போன்ற அறை. வெளிச் சத்தம் துளியும் வராது. காதில் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்ஃபோன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அழுத்த வேண்டும். சோதிக்கிறவர் கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப்புறம் போய் உட்கார்ந்தார்.

நான் கண்ணை மூடினேன். முதுகை நிமிர்த்தி மூச்சைத் தணித்தேன். அப்படியோர் அமைதியில் நான் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. உடனே கேட்டது, எவ்வளவு தெளிவாக! அழுத்தினேன். மறுபடியும் கேட்டது, அழுத்தினேன். மற்றவர்கள் தவறவிடும் சத்தத்தைக்கூட நான் பிடித்துவிடுவேன், இத்தனை நாள் பழக்கம் எதற்கு என்று உள்ளே ஒரு சிரிப்பு வேறு.

கதவு திறந்தது.

"ஆகம்மா, ஆகு," நில்லு நில்லு என்று தெலுங்கில் சொல்லிக் கையைக் காட்டித் தடுத்தார் அவர். "எதுக்கு அழுத்திக்கினே கீற? நான் இன்னும் சவுண்டே உடல."

மறுபடி உட்கார வைத்தார்கள். இந்த முறை கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப்புறம் அவர் விரலையே பார்த்தேன். அவர் விரல் பல முறை அசைந்தது. அதில் பாதிக்கு மேல் எனக்கு என் கம்பி மட்டும்தான் கேட்டது.

மருத்துவர் ஒரு பெண்மணி. அவசரப்படாமல் பேசினார்.

"எந்த ஊர்?"

"நகரி."

"வீட்டுல பவர்லூம் இருக்கா?"

"இருக்கு. கூடத்துலயே ரெண்டு தறி."

"பொறந்ததுல இருந்தே அங்கதானா?"

தலையாட்டினேன். அந்த ஈ சத்தத்தைப் பற்றி நானே சொன்னேன். நாதம் என்று சொல்லவில்லை. உரத்த சத்தத்தில் வருடக்கணக்கில் இருந்தவர்களுக்கு மெல்லிய சத்தங்களைப் பிடிக்கிற பகுதி முதலில் செத்துப்போகும், செத்த இடத்தில் இந்த இரைச்சல் வரும் என்றார். போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இனிமேல் சத்தத்துக்குப் பக்கத்தில் போகக் கூடாது. இருப்பதும் போக எத்தனை காலம் என்று கேட்டேன். "அது நீங்க எங்க இருக்கீங்கங்கறதப் பொறுத்து," என்றார்.

தொழிற்சாலையில் இயந்திரங்கள் மெல்லிய ஒலியில்தான் எச்சரிக்கை கொடுக்குமாம். வேலை இல்லை என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்கள்.

மாடிக்குப் போய் எல்லோர் முன்னாலும் சொன்னேன். கண்ணில் ஒற்றிக்கொண்ட அம்மாள் தரையைப் பார்த்தார். அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்தச் சத்தத்தையும் சும்மா கவனிச்சுப் பாரேன். சண்ட போடாம," என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். எனக்கோ அந்தப் பாயைச் சுருட்டி வீசலாம் போல இருந்தது.

விடுதிக்கு மேலும் பணம் கட்ட வழியில்லாமல் நகரிக்கே வந்தேன். அறைத்தோழி பேருந்துவரை வந்து பையை ஏற்றிவிட்டாள். கேலியே பேசவில்லை. அதுதான் எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

வீட்டில் மின்சாரம் போய், தறிகள் நின்ற ஒரு மதியம், சாப்பிட உட்கார்ந்த அப்பாவிடம் கேட்டேன்.

"நைனா, இப்ப உனக்கு காதுல எதுனா கேக்குதா?"

"ஈன்னு கேக்கும். ஏன்?"

"எப்பவுமா?"

"தறி ஓடாதப்ப. எல்லாருக்கும் கேக்கறதுதான அது."

அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே, "எனக்கு சில்லுவண்டு மாரி கேக்கும். பக்கத்து வூட்டு அண்ணிக்கு விசிலு. இத போயி ஒரு கேள்வின்னு கேக்க வந்துட்டா, படிச்சவ," என்றாள்.

எல்லோருக்கும் கேட்காது, காது கெட்டவர்களுக்குத்தான் கேட்கும் என்றேன். நைனா சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப மத்தவங்களுக்கு, ஒரு சத்தமும் இல்லாதப்ப இன்னா கேக்கும்?"

"ஒண்ணும் கேக்காது நைனா."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

அவர் என்னை நம்பாமல் அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் நம்பவில்லை. எங்கள் தெருவில் யாரும் ஒருநாளும் அமைதியைக் கேட்டதில்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. நான் மட்டும் தெரிந்துகொண்டு வந்திருக்கிறேன். அதனால் யாருக்கு என்ன லாபம்?

காதில் வைக்கிற பஞ்சு அடைப்பான்கள் வாங்கி வந்தேன். நைனா வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார், பிறகு எடுத்துவிட்டார். "நூல் அறுந்தா சத்தத்துலதான் தெரியும். இத வெச்சிக்கினா துணி பாழாப் பூடும்," என்றார். அம்மாவுக்கு அது காதில் நிற்கவே இல்லை.

தியானத்தை நான் விடவில்லை. தினமும் தறி ஓடத் தொடங்குவதற்கு முன் உட்காருகிறேன். ஏன் இன்னும் என்று போனில் அறைத்தோழி கேட்டாள். உட்காராத நாளில் தூக்கம் வருவதில்லை, அம்மாவிடம் எரிந்து விழுகிறேன், வேறென்ன சொல்ல? கை நடுங்காத ஒருத்தியாக, தெளிந்த மனதோடு, என் காது அழிவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அக்கா சொன்னபடி சண்டை போடாமல் இருந்து பார்த்தேன். சண்டை போடாவிட்டாலும் அது நிற்பதில்லை. முன்பு ஓடிப்போய் உட்கார்ந்துகொண்ட அதே இடத்தில், இப்போது தப்ப வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

பிறகு பக்கத்து வீட்டுத் தறி ஓடத் தொடங்கும். எதிர் வீடு. அதன் பிறகு எங்கள் கூடம். தரை அதிரும். அந்தக் கம்பி மெல்ல மெல்ல மூழ்கி இல்லாமல் போகும். தோள் தளரும், தாடை தளரும், நெஞ்சு லேசாகும். மாடியில் உட்கார்ந்து நான் தேடியது இந்த லேசைத்தான். அடைப்பானை வைத்தால் தறிச் சத்தம் குறைந்து கம்பி மேலே வந்துவிடுகிறது. நாள் முழுக்க அதோடு இருக்க வேண்டும்.

"முடிஞ்சிதா உன் தவம்?" என்று நைனா கூடத்திலிருந்து கத்தினார், நேற்று. "ரெண்டாவது தறிய கொஞ்சம் பாத்துக்க."

அடைப்பான்களை ஜன்னல் மேல் வைத்துவிட்டுப் போய்த் தறிக்குப் பக்கத்தில் நின்றேன்.