மீனலோசனி ஏறிய வண்டிகள்

"கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க, கண்ணு சொக்குது" என்று மீனலோசனி சொன்னபோது மணி பதினொன்றேகால்.

கனகசபை இடது சிக்னலைப் போட்டார். "பின்னால?"

"ஒன்னுமில்ல. வாங்க, வாங்க. டயர் கடைக்கு முன்னால இடம் இருக்கு. இன்னும் கொஞ்சம். போதும்."

மைவி கார் நின்றது. மீனலோசனி சீட்டைப் பின்னால் சாய்த்து, சால்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். இது புதிதல்ல. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் விடியும் முன்பே கிள்ளானுக்குப் போய், நான்கு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினோடு கட்டிப்போட்டதுபோல் படுத்துக் கிடந்துவிட்டு, பண்டமாரான் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவளுக்குத் தூக்கம் தள்ளும். கால் மணி நேரம், மிஞ்சிப்போனால் அரை மணி. அதுவரை கனகசபை இஞ்சினை அணைக்காமல் ஏர்கோனை ஓடவிட்டுக் காத்திருப்பார். பெண்டாட்டி மேல் உள்ள பாசம் ஒரு காரணம்தான். இன்னொன்று, அவள் விழிக்காமல் அவரால் வண்டியை எடுக்க முடியாது.

அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு சாகிறது, போனது போனதுதான், திரும்பாது என்று டாக்டர் நான்கு வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். முதலில் இரண்டு பக்கமும் மறைந்தது. நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் வருவது தெரியாது. இந்த ஒரு வருடமாக நேரே இருப்பதும் புகை மூடியதுபோல் ஆகிவிட்டது. வெயிலில் டிராஃபிக் லைட் சிவப்பா பச்சையா என்று அவரால் சொல்ல முடியாது. முப்பத்தைந்து வருடம் ரயில்வேயில் சிக்னல் விளக்குகளைப் பராமரித்த மனிதருக்கு வந்த கதியைப் பாருங்கள்.

அதனால் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். கையும் காலும் அவருடையது, கண் அவளுடையது. மீனலோசனியும் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள், ஸ்டேஷன் மாஸ்டர் மகள். வீட்டில் புழங்கிய பாஷையையே அவள் வண்டிக்குள் கொண்டுவந்தாள். சிவப்பு விழுந்தால் "டேஞ்சர்", வழி விட்டால் "லைன் கிளியர்", மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்தால் "இடப்பக்கம் ஒரு சனியன்". கண்டெய்னர் லோரிகள் போர்ட் கிள்ளானுக்கு இடியாய் இடித்துக்கொண்டு போகிற சாலையில் இந்த ஜோடி இப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தது. இது பெரிய தப்பு என்று இரண்டு பேருக்குமே தெரியும். யாராவது ஒருவன் மேல் ஏற்றியிருந்தால் என்ன சொல்லியும் தீராது. ஆனாலும் செய்தார்கள்.

கிராப் டாக்ஸியில் போகலாமே என்று கேட்பீர்கள். போனார்கள். டயாலிசிஸ் முடிந்து வரும்போது ஒருநாள் மீனலோசனி பின் சீட்டில் வாந்தி எடுத்துவிட்டாள். அந்த டிரைவர் ஒன்றும் திட்டவில்லை, மூக்கைப் பொத்திக்கொண்டு நான்கு கண்ணாடியையும் இறக்கினான். அவ்வளவுதான். "செத்தாலும் இனி அடுத்தவன் வண்டில ஏற மாட்டேன்" என்று வீட்டுக்கு வந்து அழுதாள். மகள் ராஜினி இருப்பது தூரத்தில், செமினியில். கணவன், இரண்டு பிள்ளைகள், ஆபீஸ். "ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க, நான் பாத்துக்குறேன்" என்று மாதம் ஒருமுறை சொல்வாள். அப்பாவுக்குக் கண் தெரியவில்லை என்று அறிந்தால் அடுத்த நாளே வந்து மூட்டை கட்டிவிடுவாள். அதனால் ராஜினியிடம் மூச்சு விடவில்லை.

ஆக, அந்த வண்டியும் அவள் கண்ணும் இருக்கும்வரைதான் அவர்கள் வீடு அவர்களுக்கு. அன்று காலையும் அப்படித்தான் போனார்கள். நர்ஸ் மட்டும், "ஆன்டி, பிரஷர் கொஞ்சம் லோவா இருக்கு லா, உக்காந்துட்டு போங்க" என்றாள். மீனலோசனி பத்து நிமிடம் உட்கார்ந்தாள். பிறகு, "வீட்டுக்குப் போவோம்" என்று எழுந்துவிட்டாள்.

கனகசபை காத்திருந்தார். ரேடியோவைக் குறைத்தார். அவள் தூங்கும்போது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. இதுவரை வாங்கிய வண்டிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பார். மொத்தம் ஆறு.

முதலாவது ராலே சைக்கிள். வேலையில் சேர்ந்த வருடம் வாங்கியது. மீனலோசனி ஏறாத வண்டி அது ஒன்றுதான். ஏறவில்லையே தவிர, அந்த சைக்கிளில் அவர் பிரிக்ஃபீல்ட்ஸில் அவள் வீட்டுப் பக்கம் தேவையே இல்லாமல் ஒரு நாளைக்கு நான்கு தடவை போய் வந்ததை ஜன்னல் வழியாக எண்ணியிருக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு அதைச் சொல்லிச் சொல்லியே அவர் மானத்தை வாங்கினாள்.

இரண்டாவது ஹோண்டா கப்சாய் மோட்டார் சைக்கிள். கல்யாணத்துக்கு முந்தின மாதம் வாங்கினார். புதுப் பெண்டாட்டி ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் அவர் இடுப்பையும் மறு கையால் சேலையையும் பிடித்துக்கொண்டு வருவாள். வாய் மட்டும் சும்மா இருக்காது. "பஸ் வருது. அந்த ஆள் பாக்காம கடக்குறான். மெதுவா, மெதுவா." கனகசபைக்கு எரிச்சலாக வரும். "நீ ஓட்டுறியா, நான் ஓட்டட்டுமா?" என்று நடுரோட்டில் கேட்பார். அவள் இரண்டு நிமிடம் வாயை மூடிக்கொள்வாள். அடுத்த சந்தியில் மறுபடி, "லோரி வருது." இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வந்தது. அன்று வேண்டாம் வேண்டாம் என்று விரட்டிய பேச்சைக் கேட்டுத்தான் இன்று உயிர் ஓடுகிறது.

மூன்றாவது டத்சன் கார். மஞ்சள் நிறம், கை மாறி வந்தது, மழை பெய்தால் காலடியில் தண்ணீர் நிற்கும். அந்த வண்டியை நினைக்கும்போதெல்லாம் கனகசபை அவசரமாக நான்காவதுக்குப் போய்விடுவார். இன்றைக்கு ஏனோ போக முடியவில்லை.

"எனக்கும் ஓட்டக் கத்துக் குடுங்க" என்று மீனலோசனி கேட்டது அந்த டத்சனில்தான். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த திடலில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. கத்தினார். கிளட்சை விட்ட வேகத்தில் வண்டி குதித்து நின்றதும், திடலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, "உனக்கெல்லாம் எதுக்கு இந்த ஆசை? சட்டி தூக்குற கைக்கு ஸ்டேரிங்கா?" என்றார். அவள் கதவைத் திறந்து இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தச் சேற்றில் வீடுவரை நடந்தே போனாள். கோபம் தலைக்கேறினால்தான் மீனலோசனிக்கு அம்மா வழி யாழ்ப்பாணப் பேச்சு வரும். அன்று ராத்திரி சாப்பாட்டைப் போட்டுவிட்டு, "விசர் மனுசன்" என்று, கிறுக்கன் என்கிற அர்த்தத்தில், ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அதற்குப் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஸ்டேரிங்கை அவள் ஒரு விரலால்கூடத் தொடவில்லை. ராஜினி பதினெட்டு வயதில் லைசென்ஸ் எடுத்து வந்தபோது அவளுக்கு நெற்றியில் விபூதி பூசிவிட்டு, உள்ளே போய்க் கொஞ்ச நேரம் வராமல் இருந்தாள்.

அதற்குக் கனகசபை ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்க நினைத்ததுண்டு. ஆனால் அவளாக அந்தப் பேச்சை எடுக்காதபோது நாமாக எதற்குக் கிளறுவது என்று ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டதே ஒரு பழக்கமாகிவிட்டது. அவள் கற்றிருந்தால் இன்று இந்தத் திருட்டு வேலை தேவையா? வலப்பக்கம் அவள் உட்கார்ந்திருப்பாள், டயாலிசிஸ் இல்லாத நாளில் கோயிலுக்கு, பாசாருக்கு, செமினிக்கு என்று அவளே இஷ்டத்துக்குப் போய் வந்திருப்பாள். இன்று சொல்லிவிட வேண்டும் என்று கனகசபை முடிவு செய்தார். கண் விழித்ததும், வண்டியை எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். அவள் என்ன சொல்வாள் என்று யோசித்தார். "இதுக்குத்தான் இவ்வளவு நேரம் உம்முன்னு இருந்தீங்களா?" என்பாள்.

மணி என்ன என்று பார்த்தார். டாஷ்போர்டில் எண்கள் மங்கலாக நெளிந்தன. திரும்பி அவளைப் பார்த்தார். சால்வையும் முகமும் ஒன்றாகக் கலந்த ஒரு வெளிர் நிறம் தெரிந்தது. அசைவு இல்லை. நல்ல தூக்கம். தொட்டுப் பார்க்கலாம் என்று கையை நீட்டி, நிறுத்திக்கொண்டார். அவர் பக்கம் இருந்த வலது கையில்தான் ஊசி குத்துவார்கள், இப்போதுதான் கட்டுப் போட்டிருக்கிறார்கள். பட்டால் வலித்து விழித்துக்கொள்வாள். இரவெல்லாம் கால் குடைச்சலில் தூங்காதவள். இங்கேயாவது தூங்கட்டும்.

நான்காவது புரோட்டோன் சாகா. முதல் புது வண்டி. கந்தசாமி கோயிலுக்குக் கொண்டுபோய் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட்டார்கள். குருக்கள் ஓட்டச் சொன்னதும் மூன்று பழம் நசுங்கி, ஒன்று மட்டும் உருண்டு போய்விட்டது. மீனலோசனிக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. ஓடிப்போய்ப் பழத்தை எடுத்து வந்து சக்கரத்தடியில் மறுபடி வைத்து, பின்னால் வரிசையில் நின்ற வண்டிக்காரர்கள் முணுமுணுக்க, "இப்ப எடுங்க" என்றாள். அந்தச் சாகா பத்து வருடம் ஒரு கீறல்கூட விழாமல் ஓடியது. ஐந்தாவது புரோட்டோன் வீரா. அதைப் பற்றி நினைக்க ஒன்றுமில்லை. குவார்ட்டர்ஸை விட்டுப் பண்டமாரானுக்குக் குடிவந்தபோது சட்டிப்பானைகளையும் சாமிப்படங்களையும் ஏற்றி வந்தது, பிறகு இரண்டு வருடத்தில் வாசலில் நிறுத்தியிருந்தபோது திருடு போய்விட்டது.

ஆறாவதுக்கு வருவதற்குள் யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

கனகசபை திடுக்கிட்டுக் கண்ணாடியை இறக்கினார். டயர் கடை பாலன். இந்த ஓரத்தில் அடிக்கடி நிறுத்துவதால் குரல் பழக்கம்.

"அங்கிள், வண்டி ஏதும் பிரச்சனையா? ஒரு மணி நேரத்துக்கு மேல நிக்கிறீங்க."

"மெதுவா பேசுங்க தம்பி, அவங்க தூங்குறாங்க."

பாலன் குனிந்து உள்ளே பார்த்தான். பிறகு வண்டியைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போய்க் கதவைத் திறந்தான். வெளி வெக்கை உள்ளே அடித்தது. "ஆன்டி" என்று கூப்பிட்டான். இரண்டாவது முறை கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டான்.

"எழுப்பாதீங்க, இப்ப அவங்களே..." என்று ஆரம்பித்தார் கனகசபை.

"அங்கிள்," என்றான் பாலன். "நான் ஆம்புலன்ஸுக்கு அடிக்கிறேன். நீங்க அப்படியே உக்காந்திருங்க."

பெரிய ஆஸ்பத்திரி அங்கிருந்து ஐந்து நிமிடம். ஆனால் கொண்டுபோய்ச் சேர்த்தபோது செய்வதற்கு ஒன்றுமில்லை. இதயம் எப்போதோ நின்றுவிட்டது என்றார் இளம் டாக்டர். எப்போது என்று கனகசபை கேட்டார். சரியாகச் சொல்ல முடியாது அங்கிள், நிறுத்தின கொஞ்ச நேரத்திலேயே இருக்கலாம், பிறகும் இருக்கலாம் என்றார். அந்தப் 'பிறகும்' கனகசபையின் நெஞ்சில் கல்லாய் உட்கார்ந்தது. அவர் சைக்கிளை நினைத்துக்கொண்டிருந்தபோதா? டத்சனை நினைத்துக்கொண்டிருந்தபோதா? எலுமிச்சம்பழத்தை நினைத்துத் தனக்குள் சிரித்தாரே, அப்போது இருந்தாளா?

ராஜினி செமினியிலிருந்து வந்து சேர்ந்தபோது மணி இரண்டரை. அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுது முடித்திருந்தாள், அல்லது அழுகையை ஒத்திவைத்திருந்தாள். பாலனிடம் எல்லாம் விசாரித்துவிட்டாள் என்பது முதல் கேள்வியிலேயே தெரிந்தது.

"ஒரு மணி நேரம் ரோட்டோரத்துல நின்னிருக்கீங்க. ஏன்பா நேரா வீட்டுக்குப் போகல? அம்மா தூங்குனா தூங்கட்டும்னு ஓட்டிக்கிட்டே போயிருக்கலாமே. வீட்டுல எறக்கி விடறப்பவாச்சும் தெரிஞ்சிருக்கும்ல?"

கனகசபை பொய் சொல்லலாம் என்று நினைத்தார். டயர் பஞ்சர், மழை, நெஞ்சு படபடப்பு.

"எனக்குக் கண்ணு தெரியாதும்மா."

"என்னது?"

"நாலு வருஷமா. அம்மாதான் பாத்துப் பாத்துச் சொல்லுவா. நான் சும்மா ஸ்டேரிங்கப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். அவ முழிச்சாத்தான் வண்டி நகரும்."

காரிடாரில் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ராஜினி கோபப்படப்போகிறாள் என்று எதிர்பார்த்து அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப ஒரு தடவை தட்டி எழுப்பியிருக்கலாமே அப்பா. ஏன் எழுப்பல?"

"கை நீட்டினேன். நல்லா தூங்குறாளேன்னு நெனச்சேன்" என்றார் கனகசபை. "எழுப்ப மனசு வரலம்மா."