பிடிக்க ஆளில்லையாம்

இன்று காலை டோர்வல் போகும் பஸ்ஸில், என்னோடு வேலை செய்யும் செல்வம் அண்ணை ஃபோனைப் பார்த்தபடி சொன்னார்:

“தங்கச்சி, உம்மட மகன்ரை கொலிஜ் ஃபுட்போல் டீமைப் பற்றி எழுதியிருக்கிறாங்கள். எறியிற பந்தை ஓடிக் கையாலை பிடிக்கிற நல்ல ரிசீவர்மார் மூண்டு பேரும் படிப்பு முடிச்சுப் போயிட்டினமாம். இந்த சீசன் பந்து பிடிக்க ஆளில்லையாம்.”

“நிரோஷன்ரை பேர் இருக்கோ?”

“கடைசி வரியிலை. உயரம் காணாதாம். போன வருசம் முழுக்க மட்ச்சிலை இறங்காமல் வாங்கிலை இருந்தவனாம்.”

குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் அவனுக்குப் பந்து எறிந்தது நான்தான். என் பந்து ஒருநாளும் நேரே போனதில்லை. பனியில் விழுந்து புரண்டு அதையும் பிடித்தவன் அவன்.

“மூண்டு பேர் போனால் மூண்டு இடம் காலி, அண்ணை. அதிலை ஒண்டு என்ரை பிள்ளைக்கு. எழுதினவர் முதல் மட்ச்சுக்கு வந்து பாக்கட்டும்” என்றேன்.

அண்ணை சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பயிற்சி முகாமுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எனக்கோ தோள் வலி. எங்கள் வீடு இருக்கும் கார்ட்டியர்வில் பக்கம் இருப்பவர்கள் யாராவது மாலையில் வந்து பந்து எறிவீர்களா? எறியத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவன் பிடிப்பான்.